மஞ்சள் மேலங்கி

கோடை சைக்கிள் பயணத்தில் கடைசியாக வருகிறவள் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். அவள் யாரையும் முந்தக் கூடாது, அவளை விட்டுவிட்டு யாரும் போகக் கூடாது. தோழிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. இந்த முறை மேலங்கி தையல்காரியின் தலையில் விழுந்தது.

முன்னால் அவளுடைய நர்ஸ் தோழி, புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரோடு ஒட்டிக்கொண்டு போனாள். எத்தனையோ கோடைகளாக நர்ஸின் பக்கத்தில் தையல்காரி ஓட்டிய இடம் அது.

"சிரிச்சு சிரிச்சு மிதிக்கவே முடியலடி!" என்றாள் நர்ஸ்.

அதற்குள் 'டி' வரைக்கும் வந்தாயிற்றா? தையல்காரி பெடலை ஓங்கி மிதித்தாள்.

பாலத்தடியில் பல் டாக்டரின் செயின் கழன்றது. இருவரும் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது, தையல்காரி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டாள். தேடட்டுமே.

ஏரிக்கரையில் காத்திருந்த மற்றவர்கள் மேலங்கியைக் கண்டதும் எழுந்தார்கள். "வால் வந்தாச்சு, கிளம்பலாம்!"

"இல்ல, இன்னும் ரெண்டு பேர் வரணும்," என்றாள் தையல்காரி.

"உனக்குப் பின்னாடியா?"

தையல்காரி வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினாள்.

இருவரும் பாலத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"முன்னாடியா போன? செயின் எப்பவோ மாட்டியாச்சு. நான் போலாம்னுதான் சொன்னேன்," என்றாள் நர்ஸ். "இவதான் உன்னை விட்டுட்டு வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

பல் டாக்டர் சிரித்தபடி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். காத்திருந்தது இவள், கிளம்பலாம் என்றது அவள். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு, நர்ஸுக்கு ஒரு மடக்குகூட மிச்சம் வைக்காமல் குடித்துத் தீர்த்தாள்.