நாற்காலிக்கு மேலே ஒரு துறைமுகம்

பல் டாக்டருக்கும் ஓவியத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் மனைவியின் தங்கை வரைந்து பரிசாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஏது தைரியம்? காத்திருப்பு அறைச் சுவரில் ஆளுயரத் துறைமுகம் ஏறியது. கப்பல்களெல்லாம் முக்கோணம், கிரேன்களெல்லாம் கோணல் கோடு. கடல் ஆரஞ்சு நிறம்.

"கடல் எங்கயாவது இந்தக் கலர்ல இருக்குமா?" என்று முணுமுணுத்தார்.

"உங்க வெள்ளைக் கோட்டு கூடத்தான் வெள்ளையா இல்ல" என்றாள் மனைவி.

வம்பு மறுநாள் தொடங்கியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் படத்தைக் கண்டதும் வலியை மறந்தார்கள். மஞ்சள் கட்டங்கள் எல்லாம் சரக்குப் பெட்டிகள் என்றார் ஒரு லாரி டிரைவர்.

"கண்ணு இருக்கா உங்களுக்கு? அது ஆபீஸ் ஜன்னல்" என்றார் பக்கத்தில் இருந்த மீன்கார அம்மா.

"ஜன்னல் எப்படிம்மா தண்ணியில மிதக்கும்?"

ஆளுக்கொரு கட்சி சேர்ந்ததில் அறை சந்தைக்கடை ஆயிற்று. "அடுத்து யாரு?" என்று டாக்டர் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

அன்று மாலையே கொழுந்தியாளிடம் முறையிட்டார். "தப்பா நினைக்காதம்மா, படத்தைக் கழட்டிடலாம்னு இருக்கேன். வாயைத் திறந்து காட்ட வந்தவங்க, வாயை மூடவே மாட்டேங்கறாங்க!"

அவள் கோபிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப அவங்க பேச முடியாத இடத்துல மாட்டுங்க மாமா" என்று சிகிச்சை நாற்காலிக்கு நேர் மேலே கையைக் காட்டினாள்.

தச்சர் வந்து, திட்டிக்கொண்டே சீலிங்கில் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் லாரி டிரைவர் நாற்காலியில் சாய்ந்தார். வாய் நிறையப் பஞ்சு. மேலே விரலை நீட்டி, "ஆ... ஆஆ!" என்றார். ஊசி போட்டதும் தெரியவில்லை, பல்லைப் பிடுங்கியதும் தெரியவில்லை. பஞ்சைத் துப்பியதும் முதல் வேலையாகக் குரலைத் தாழ்த்தினார்: "ஜன்னல்தான் டாக்டர். அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மதியம் ஆளில்லாத நேரம் பார்த்து டாக்டர் தாமே நாற்காலியில் படுத்தார். முதலில் வெறும் கோடுகள். கொஞ்ச நேரத்தில் கோடுகளுக்கு நடுவே புகை எழுந்தது, கயிறுகள் ஆடின, யாரோ யாரையோ கூப்பிடுவது போலிருந்தது.

"சாப்பிட வரலையா?" என்று மனைவி வந்து நின்றாள்.

"இரு, இரு. ஒரு கப்பல் உள்ள வருது."

"எங்கே?" என்று அவளும் அவர் தலையோடு தலை ஒட்டி மேலே பார்த்தாள்.