நாலு நிமிஷம்

"நீதானே மணி அடிச்ச?"

மகள் கேட்டது அவ்வளவுதான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மணியக்கா தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள்.

பள்ளிக்கூடத்தைக் கூட்டுவதும் துடைப்பதும் தண்ணீர் நிரப்புவதும் அவள் வேலைதான். ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது மணி. அலுவலக வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பதினோரு வருஷமாக இரும்புக் கம்பியால் அவள்தான் அடிக்கிறாள். தலைமையாசிரியை முதல் ஒன்றாம் வகுப்பு வாண்டு வரை எல்லோருக்கும் அவள் மணியக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் அவளுக்கே ஞாபகம் வரும்.

ஆண்டுப் பரீட்சையின் முதல் நாள், அதே பள்ளியில் படிக்கும் மகள் கடைசிக் கேள்வியில் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது அந்த மணி அடித்துவிட்டது.

"அஞ்சே நிமிஷம்மா. இருந்திருந்தா முடிச்சிருப்பேன்."

"நேரமானா அடிக்கணும்ல கண்ணு? எல்லாருக்கும் ஒரே மணிதானே."

"நான் எல்லாருமா?"

மணியக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் வருவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மனசு டீச்சர். அந்த வாரம் பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசினார். நாற்காலி போடப் போன மணியக்கா கடைசி வரிசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பரீட்சை முடிஞ்சு வர்ற பிள்ளைகிட்ட எப்படி எழுதினன்னு கேக்காதீங்க. பசிக்குதான்னு கேளுங்க."

"அப்ப மார்க்கை யாரு டீச்சர் கேக்குறது?" என்றார் ஓர் அப்பா.

"மார்க்கு தானா வீடு தேடி வரும் சார். அதுக்கு வழி தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். மணியக்கா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"எம் பொண்ணுக்குச் சாப்பாடு இறங்கல டீச்சர். பேனா பிடிச்சா கை நடுங்குது. என்ன குடுத்தா சரியாகும்?"

"என்ன வேணும்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கவே வேணாம் டீச்சர். அஞ்சு நிமிஷம் வேணும் அவளுக்கு."

"அதையும் ஒருதடவை அவ வாயாலயே கேட்டுருங்க மணியக்கா."

அவள் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாள்.

கணக்குப் பரீட்சை நாள். மகளுக்கு அலுவலகத்துக்கு எதிரே உள்ள அறையில் இடம். ஜன்னல் கம்பிகளுக்குள் அவளுடைய குனிந்த தலை மட்டும் தெரிந்தது. 'எழுதுறா, விடாம எழுதுறா' என்று மணியக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணி ஆயிற்று. கம்பியைக் கையில் எடுத்தாள். அடிக்கவில்லை.

தலைமையாசிரியை உள்ளே தொலைபேசியில் இருந்தார். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு போயிற்று. கைக்கடிகாரம் கட்டிய டீச்சர்கள் வராண்டாவை எட்டிப் பார்த்தார்கள். ஆனால் மணி அடிக்காமல் யாரும் விடைத்தாளை வாங்க மாட்டார்கள். உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. எழுதிரு கண்ணு, எழுதிரு.

"மணியக்கா! நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?"

தலைமையாசிரியையின் குரலுக்கு அவள் கை தானாக எழுந்தது. மணி ஒன்று நாலு.

மகள் யாரோடும் பேசாமல் குழாயடிக்கு ஓடினாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததுபோல வாந்தி எடுத்தாள். மணியக்கா மகளின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பசிக்குதா கண்ணு?"

"ஏம்மா அடிக்கல?"

"உனக்காகத்தான்டி. நாலு நிமிஷம் நிறுத்தி வெச்சேன்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் எப்பவோ பேனாவை மூடிட்டேம்மா. ரெண்டாவது பக்கத்துக்கு மேல ஒண்ணுமே வரல. சுத்தி எல்லாரும் எழுதுற சத்தம். தலையைத் தூக்கினா டீச்சர் கேப்பாங்கன்னு, குனிஞ்சுக்கிட்டே கண்ணை மட்டும் தூக்கி உன் கையையே பாத்துக்கிட்டிருந்தேன். எப்ப அடிப்ப, எப்ப வெளிய ஓடலாம்னு. நீ கம்பியை எடுத்த. அடிக்கல. எடுத்து வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிற. எனக்கு மூச்சு முட்டிடுச்சும்மா."

"அன்னைக்கு அஞ்சு நிமிஷம் கேட்டியே…"

"அது அன்னைக்கு."

பிற்பகல் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "எத்தனை பேருக்கு நான் பதில் சொல்லணும் தெரியுமா? பெத்த மனசு புரியுது. ஆனா இனிமே மணியை வாட்ச்மேன் அடிக்கட்டும்."

வாட்ச்மேன் கம்பியை வாங்கிக்கொண்டு, சங்கடத்தில் ஏதோ ஒரு சிரிப்புச் சிரித்தார். "பேரு உனக்கே இருக்கட்டும்மா. என்னைப் போய் எவன் மணியண்ணன்னு கூப்பிடப் போறான்?"

அன்று சாயங்காலம் மணியக்கா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மனசு டீச்சர் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உனக்கு என்ன கண்ணு வேணும்?"

மகள் அம்மாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேரத்துக்கு அடிச்சிரும்மா. முன்னயும் வேணாம், பின்னயும் வேணாம். நீ சரியா அடிச்சிருவேன்னு தெரிஞ்சா, எப்படியாவது உக்காந்திருவேன்."

மணி இனி தன் கையில் இல்லை என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. மடியில் இருந்த கையை மகள் விடவில்லை.

"சரி கண்ணு" என்றாள் மணியக்கா.

அறிவியல் பரீட்சைக்கு மகளுக்குப் பின்கட்டு அறையில் இடம் விழுந்தது. அங்கே மணி கேட்கும், அடிக்கிறவர் தெரிய மாட்டார். மணியக்கா தண்ணீர்த் தொட்டியருகில் ஈரத்துணியோடு நின்றாள். சரியாக ஒரு மணிக்கு வாட்ச்மேன் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் அவள் கை துணியை இறுக்கிப் பிழிந்தது. கடைசி அடி பிசகி, ஓட்டை டப்பா போல ஒலித்தது.

மகள் நேராக அவளிடம் வந்தாள். முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் நடந்துதான் வந்தாள், ஓடவில்லை.

"டாண்ணு ஒரு மணிக்கு அடிச்சிட்டம்மா. கடைசி அடி மட்டும் சொதப்பிட்ட."

"கை வழுக்கிடுச்சு" என்றாள் மணியக்கா. "பசிக்குதா?"

"ம்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பையை எடுக்கப் போனாள். இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது.