கணிப்பொறி அறைக்கு இரண்டு பூட்டு

பள்ளி வாசலில் புதிதாக ஒரு பலகை நட்டார்கள். பச்சைப் பின்னணி, வெள்ளை எனாமல் பெயிண்ட். மேலே 'ஆசிரியர், மாணவர், பெற்றோருக்குப் பயன்படும் கல்வி இணையதளங்கள்' என்று தலைப்பு. கீழே மூன்று பத்திகளாக ஆங்கில எழுத்தில் முகவரிகள். பலகையைத் திறந்துவைத்த தாளாளர் சடகோபன் வெயில் ஏறும்வரை பேசினார். உலகமே ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்டது என்றார். அந்தக் கிராமத்தில் சின்ன காஞ்சிபுரம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர்களில் சிலர், ஏதோ சந்நிதி என்று நினைத்தோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் அது. பள்ளியில் இணைய இணைப்பு உள்ள கணிப்பொறி ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் வாங்கிக் கொடுத்தது. அதற்கென்று குளிர்சாதனம் பொருத்திய தனி அறை; அந்த வசதி தலைமையாசிரியருக்கே கிடையாது. திரைப்பெட்டியின் மேல் எப்போதும் ஒரு பட்டுத் துண்டு போர்த்தியிருக்கும்.

பலகையில் உள்ள முகவரிகளைத் தேடித் திரட்டியவர் கணிப்பொறி ஆசிரியர் ஸ்ரீசரண். இளைஞர். எந்த முகவரியைத் தட்டினால் என்ன வரும் என்று பள்ளியில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. சூடாமணி டீச்சர் மட்டும் கேட்டார். கேட்டார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார்.

அந்தக் கோடை விடுமுறையில் சென்னையில் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. மிச்சம் இருந்தது வெறும் காற்று. பக்கத்தில் காதை வைத்தால் வார்த்தை கேட்கும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றால் அதுவும் கேட்காது. அவர் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துபவர். கணவர் காலமாகி வெகுநாளாயிற்று, பிள்ளைகள் இல்லை. உடம்பு விசாரிக்க வந்தவர்களிடம் அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: வகுப்பு இருக்குமா?

"அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பார்ப்போம்," என்றார் சடகோபன். "பசங்க நன்னா எழுதினா பேஷா இருங்கோ. உங்களைப் போகச் சொல்ல நான் யாரு?"

போகச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பள்ளியில் இரண்டே பேர். அவர் அதில் ஒருவர்.

ஸ்ரீசரண் ஆசிரியர் பத்தியிலிருந்து ஒரு முகவரியைத் தட்டினார். தொலைபேசிக் கம்பி வழி இணைப்பு கீச்சிட்டு, உறுமி, ஒருவழியாக அடங்கியது. திரையில் ஒரு முப்பட்டகம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அதன் மேல் ஓர் ஒளிக்கற்றை விழுந்து, வளைந்து, நிறம் நிறமாகப் பிரிந்து வெளியேறியது. பட்டகத்தைத் திருப்பினால் நிறங்களும் கூடவே திரும்பின. சூடாமணி டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேம், போன் பில் ஏறும்," என்றார் ஸ்ரீசரண்.

டீச்சர் அவர் காதருகே குனிந்தார். "இது பேசாமலே நடத்தறதேப்பா."

அடுத்த வாரத்திலிருந்து இயற்பியல் வகுப்பு அந்த அறைக்கு வந்தது. பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதல் நாள் பின்வரிசையில் ஒருவன், "சவுண்டு வெய்ப்பா," என்று குரல் கொடுத்தான். தாமலிலிருந்து பஸ்ஸில் வரும் ரேவதி திரும்பிப் பார்த்தாள். "உன் வாய மூடு, எல்லாம் நல்லா கேக்கும்." டீச்சர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் இல்லை.

படத்தை ஓடவிடும் முன் அவர் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுவார்: இப்போது என்ன ஆகும்? பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுவார்கள். அவர் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சண்டை முற்றியதும் பொத்தானை அழுத்துவார். குரல் இருந்த காலத்தில் அந்த வகுப்பில் பேசியவர் அவர் மட்டும்தான்.

காலாண்டுத் தேர்வில் ஒருவர்கூடத் தவறவில்லை. சடகோபன் வருகிறவர் போகிறவரையெல்லாம் அழைத்துவந்து அறையைக் காட்டினார். "டீச்சரே வேண்டாம்னு ஆக்கிடுத்து பாருங்கோ, நம்ம கம்ப்யூட்டர்," என்று, டீச்சரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பெருமைப்பட்டார்.

ஆயுத பூஜை வந்தது. பள்ளி மணிக்கும் பூமி உருண்டைக்கும் சந்தனம், குங்குமம். கணிப்பொறிக்கு அது போதாது என்று சடகோபனுக்குத் தோன்றிவிட்டது. ஆள் வைத்து அதன் நெற்றியில், அதாவது திரைப்பெட்டியின் மேல்விளிம்பில், பெயிண்ட்டால் நாமம் போட்டார். அவர் தென்கலை; ஆகவே பாதம் வைத்த நாமம். போகச் சொல்லக்கூடிய இன்னொருவரான செயலாளர் ஆதிகேசவன் வடகலை; அவர்கள் நாமத்துக்குப் பாதம் கிடையாது. பொரிகடலை வாங்க உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யார் வேலை?"

"நெத்தின்னு ஒண்ணு இருந்தா நாமம் வேண்டாமா ஓய்?"

"வேண்டாம்னு யார் சொன்னா? அதுக்குக் கால் எதுக்கு? எங்கே நடந்து போகப்போறது?"

மறுநாள் காலையில் நாமத்துக்குப் பாதம் இல்லை, யாரோ சுரண்டியிருந்தார்கள். மாலையில் பாதம் திரும்ப முளைத்திருந்தது. கோயில் யானை நெற்றியில் எந்த நாமம் என்பதையே தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் ஊர். கணிப்பொறியைச் சும்மா விடுமா? நிர்வாகக் குழு கூடி, காபி குடித்து, தீர்மானம் போட்டது. விவகாரம் முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. அறைக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தாளாளரிடம், மற்றொன்று செயலாளரிடம்.

சூடாமணி டீச்சர் சடகோபனிடம் போனார். சடகோபன் தன் காதருகே கையை வைத்து, கேட்பதுபோல் கொஞ்சநேரம் தலையாட்டினார். "புரியறது, புரியறது. உங்களுக்காகத்தானே நானும் விட்டுக்கொடுக்காம நிக்கறேன்."

டீச்சர் தாளில் எழுதினார்: நாமத்தை அழித்துவிட்டால் போதுமே?

சடகோபன் படித்துவிட்டு அந்தத் தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். "இதை வேற யாராவது பார்த்தாளா?"

பிறகு டீச்சர் ஆதிகேசவனிடம் போனார். "நீங்க பொறந்தாம் எங்க பக்கம். புக்காம் அவா பக்கம்," என்றார் ஆதிகேசவன். "நீங்க எந்தப் பக்கம்னு முதல்ல ஒரு முடிவுக்கு வாங்கோ. அப்புறம் பேசலாம்."

"பசங்க பக்கம்," என்றார் டீச்சர்.

"என்னது?"

டீச்சர் மறுபடி சொன்னார்.

"கேக்கலைம்மா. போயிட்டு வாங்கோ."

ஸ்ரீசரண் தன்னால் ஆனதைச் செய்தார். பெரிய தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தார். அங்கே ஒரு தடுப்புக்குள் இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது. தவிர, அந்த இடத்தின் பெயரைக் கேட்டதுமே பெண்களைப் பெற்றவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் அவர் அங்கிருந்தே படங்களைத் தாளில் அச்செடுத்து வந்து கொடுத்தார். பட்டகம் இருந்தது, ஒளிக்கற்றை இருந்தது. ஏழு நிறமும் சாம்பலாக இருந்தது. எதுவும் திரும்பவில்லை.

டீச்சர் பழைய வகுப்பறைக்குத் திரும்பினார். எழுதினார், அழித்தார், எழுதினார். அவர் பலகைப் பக்கம் திரும்பியதும் பின்வரிசையில் பேச்சு தொடங்கும். அடக்க, டஸ்டரால் மேசையைத் தட்டுவார். தட்டித் தட்டி அந்தச் சத்தமும் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. கேள்வி எழுதினால் முதலில் சண்டை வந்தது. எது சரி என்று காட்ட எதுவும் இல்லாததால், நாளடைவில் சண்டையும் நின்றது. ரேவதி முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்து, டீச்சரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டில் சூத்திரம் தெரிவதில்லை.

அரையாண்டில் பாதி வகுப்புக்கு மேல் தவறியது.

பெற்றோர் கூட்டம் வாசலிலேயே நடந்தது, பலகையின் நிழலில். ரேவதியின் அப்பா ராமலிங்கம், தாமல் ஏரிக்குக் கீழே பயிர் வைப்பவர், தயங்கித் தயங்கி எழுந்தார்.

"டீச்சரம்மா மேல ஒரு கொறையும் சொல்லல சார். எம் பொண்ணு அவங்கள சாமி கணக்கா சொல்லுது. ஆனா பாடம் காதுல வுழணும் இல்லப்பா? மார்க்கு எறங்கிக்கினே போவுது. அடுத்த வருசம் அது பிளஸ் டூ."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஓரத்தில் நின்றிருந்த சூடாமணி டீச்சர் அதைக் கேட்டதும் நாற்காலி தேடி உட்கார்ந்துகொண்டார்.

"வாசல்ல இவ்ளோ பெருசா எழுதி வெச்சிக்கினு இருக்கீங்களே," என்றார் இன்னொருவர், "அந்தக் கம்ப்யூட்டர் இன்னா ஆச்சி?"

"பராமரிப்பு," என்றார் சடகோபன்.

"ஆமாம், பராமரிப்பு," என்றார் ஆதிகேசவன்.

அறையைப் பூட்டிய நாளிலிருந்து இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டாவது தடவை அந்த வாரமே வந்தது: சூடாமணி டீச்சருக்கு ஓய்வு கொடுத்துவிடுவது என்று.

விழா தடபுடலாக நடந்தது. தாளாளர் ஒரு பொன்னாடை போர்த்தினார்; அதன் மேலேயே செயலாளர் இன்னொன்று போர்த்தினார். புதிதாக வந்த இயற்பியல் ஆசிரியர் வரவேற்புரை நிகழ்த்தினார். அவரைப் பேசச் சொல்லிக் கேட்டுத்தான் எடுத்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே தெருமுனை வரை கேட்டது. டீச்சரின் பொறுமையைப் பற்றிச் சடகோபன் நிறையப் பேசினார். அந்தப் பொறுமை எதற்குத் தேவைப்பட்டது என்பதற்குள் அவர் போகவில்லை. பேசி முடித்த வேகத்தில், "இப்போ டீச்சர் ரெண்டு வார்த்தை பேசுவார்," என்றும் சொல்லிவிட்டார். மண்டபம் அமைதியானது. டீச்சர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

நன்றியுரை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வெளியே வந்தார். படியில் ரேவதி புத்தகத்தோடு நின்றிருந்தாள்.

"மிஸ், ஒரே ஒரு டவுட்டு. ரெண்டு அலை எதிரும் புதிருமா வந்தா, நடுவுல சில எடம் மட்டும் ஆடாம நிக்கும்னு போட்டுக்குது. ரெண்டு பக்கமும் தள்ளும்போது அது எப்படி மிஸ் சும்மா நிக்குது?"

டீச்சர் பொன்னாடைகளைப் படியிலேயே போட்டார். இரண்டு கைகளையும் எதிரெதிராக நெளித்துக் காட்டினார். ஓரிடத்தில் விரல்களை நிறுத்திக் காட்டினார். ரேவதி புருவத்தைச் சுருக்கினாள். டீச்சர் அவள் காதருகே போய்ச் சொன்னார். தலைக்கு மேல் குழாய் ஒலிபெருக்கி, பந்தல் போட்டவருக்கும் பூ வாங்கிக் கொடுத்தவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்து, தையல் போட்ட தழும்பு சிவந்தது. ரேவதி அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

"புரிஞ்சிடுச்சி மிஸ்," என்றாள்.

புரியாத பிள்ளைகள் புரிந்துவிட்டது என்று சொல்லும்போது கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள் என்பது சூடாமணி டீச்சருக்குத் தெரியும். ரேவதி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். டீச்சர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரேவதி திரும்பவில்லை.