புல் முளைக்காத இடம்

ஆம்ப்ரோஸ் கட்லர் எழுதிய நாவல்கள் அனைத்தையும் இரண்டு முறை படித்திருக்கிறேன். ஒருவனை வெறுப்பதென்றால் அரைகுறையாக வெறுக்கக் கூடாது என்பது கில்பிரெத் குடும்பத்தின் வழக்கம். கட்லரின் எழுத்தில் பக்கக் கணக்கில் முற்றுப்புள்ளி வராது. முதல் அத்தியாயத்தில் செத்தவன் பேசுவான், கடைசி அத்தியாயத்தில்தான் பிறப்பான். இதற்கு நவீனத்துவம் என்று பெயரிட்டு வடக்கே பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறார்கள். எங்கள் அலபாமா மலைப்பக்கத்தில் ஒருவன் இப்படிப் பேசினால், பாவம் வெயில் தலைக்கேறிவிட்டது என்று நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்போம்.

கட்லரின் அப்பா எங்கள் ஊரான ப்ளம் க்ரீக்கில் கோவேறு கழுதை விற்றவர். கிழட்டுக் கழுதையை இளசு என்று தள்ளிவிடுவதில் கெட்டிக்காரர். மகன் அதே தொழிலைக் காகிதத்தில் செய்தான்.

என் அப்பாவின் தங்கை ஜெருஷா அத்தை பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். பின்னக் கணக்கில் அவள் பெயிலாக்கிய பையன்களில் கட்லரும் ஒருவன். டைபாய்டு வந்து அத்தை இறந்துபோனாள். அதன் பிறகு கட்லர் ஒரு நாவல் எழுதினான். அதில் கல்யாணமாகாத ஒரு டீச்சர் பிள்ளை பெற்று, அதை மில் குளத்தில் அமுக்கிவிட்டுப் பைத்தியமாகிச் சாகிறாள். ஊர்ப் பெயரை மாற்றினான். எங்கள் வீட்டுப் படிக்கட்டையும், அத்தையின் சாம்பல் நிற உடையையும், அவள் சாக்பீஸ் பிடிக்கும் விதத்தையும் மாற்றவில்லை.

நாங்கள் வழக்குப் போடவில்லை. கழுதை வியாபாரியின் மகனோடு கோர்ட்டில் நிற்பதா?

கட்லர் செத்த பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆராய்ச்சியாளர்கள் வரத் தொடங்கினார்கள். மருந்துக்கடை முன்னால் கட்லர் எச்சில் துப்பிய தூணைப் படம் பிடிப்பார்கள். அவன் குடித்த கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் சகித்தேன். டாக்டர் வின்ஸ்லோ எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும் வரை.

அவர் மாசசூசெட்ஸ் பேராசிரியர். கட்லரின் வாழ்க்கையையும் கதைகளையும் ஆராய்வதுதான் முப்பது வருட வேலை என்று அவரே பெருமையாகச் சொன்னார். சிலருக்கு வேறு வேலை கிடைப்பதில்லை. ஒரு ஜூனில் ஒரே ஒரு தடவை தோட்டத்துக்கு வந்து, ஊரில் யாரோ சொன்ன அடையாளத்தை வைத்து அத்தையின் கல்லறையைக் கிட்டத்தில் படமெடுத்துக்கொண்டு போனார். குளிர்காலத்தில் கட்டுரை வந்தது. சுற்றிலும் பச்சைப் புல், இந்த ஒரு மேட்டில் மட்டும் வெறும் மண். குடும்பம் அவளுக்குப் புல்லைக்கூட மறுத்துத் தண்டித்திருக்கிறது, ஆகவே நாவலில் வருவதெல்லாம் நடந்தது என்று நிரூபித்திருந்தார்.

என் சிறு வயதில் அந்தத் தோட்டத்தில் ஒரு கல்லறையிலும் புல் இருக்காது. மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் அலங்கார ஞாயிறு வருவதற்கு முன் ஊரே களைக்கொத்தோடு வந்து வேரோடு செதுக்கி, மண்ணைக் கூட்டிக் குவித்து, விளக்குமாற்றால் கோடு விழப் பெருக்கும். ஒரு புல் தெரிந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அவமானம். பிறகு கல்லறைத் தோட்டக் கமிட்டி புல் வெட்டும் இயந்திரம் வாங்கியது. எல்லோரும் சோம்பேறியானார்கள். என் அண்ணனும் தன் பங்குக் கல்லறைகளில் புல் விதைக்கச் சம்மதித்தான். ஜெருஷா அத்தை என் பங்கு. வாரம் தவறாமல் நான் செதுக்கினேன்.

ஏப்ரலில் வின்ஸ்லோ என் வீட்டு முன்னறைக்கு வந்தார். கல்லறை அருகே ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். இங்கே உறங்குபவள்தான் கட்லரின் குளத்து நாயகி என்று எழுதி, ஜூனில் இரண்டு பஸ் ஆட்களை அழைத்துவந்து திறப்பார்களாம். ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டு, ஏன் அந்த ஒரு கல்லறையில் மட்டும் புல் வளர விடவில்லை என்று கேட்டார்.

"அது சுத்தம். குப்பையா கெடக்குற வீட்ல நீங்க பெரியவங்கள உக்கார வைப்பீங்களா? எங்க செத்தவங்கள நாங்க புதருக்குள்ள போடமாட்டோம்," என்றேன்.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். "இந்த மறுப்பு ரொம்ப முக்கியம், மிஸ் கில்பிரெத்."

"நான் எதையும் மறுக்கலியே. நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"அதேதான். உங்களுக்கே தெரியாம மறுக்கிறீங்க."

படித்த முட்டாளுக்கு உண்மையைச் சொல்வது பன்றிக்குச் சோளம் வைப்பது போல. எதை வைத்தாலும் தின்று கொழுக்கும்.

குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் பலகை வைக்கலாம் என்பது கமிட்டி விதி. என் அண்ணன் மகன் ராய்ஸ் போட்டுவிட்டான். அவன் நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான்.

"ஒரு பலகைதானே அத்தே. பஸ் வந்தா நம்ம கடையில கெளுத்தி மீன் பறக்கும்," என்றான்.

"உன் தாத்தாவோட தங்கச்சிய மீனோட சேத்துப் பொரிச்சு விக்கிறியா?"

"கதையில வர்றது அவங்க இல்லன்னு நீங்கதானே சொல்றீங்க? அப்புறம் என்ன?"

"அந்தப் பலகை வந்துட்டா அவதான்னு ஆயிடும்டா."

அவன் சிரித்தான். அவன் அப்பன் கொடுத்த மூளை அவ்வளவுதான்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு களைக்கொத்தைக் கொட்டகையில் ஆணியில் மாட்டினேன்.

அந்த வருடம் மழைக்குக் குறைவில்லை. அலங்கார ஞாயிறு வருவதற்குள் அத்தையின் மேட்டில் நண்டுப்புல் படர்ந்துவிட்டது. தேவாலயத்து மரங்களுக்கடியில் நீள மேசைகள் போட்டு எல்லோரும் வறுத்த கோழியும் பீச் பழப் பணியாரமும் பரப்பிக்கொண்டிருந்தபோது, பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் வில்லோடீன் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"என்ன மிஸ் ஆர்டித், களைக்கொத்து காணாமப் போச்சா?" நாலு பேருக்குக் கேட்கும்படிதான் கேட்டாள்.

"கொட்டகையில இருக்கு," என்றேன்.

அவள் மற்றப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தைப் பார்த்து இந்த ஊரில் யாரும் அப்படி முகம் திருப்பியதில்லை.

கமிட்டித் தலைவர் ஓடிஸ் மட்டும் தனியாக வந்தார். புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவரும் அவர்தான். "நான் செதுக்கிடட்டுமா, மிஸ் ஆர்டித்? ஒரு நிமிஷ வேலை," என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தொட்டீன்னா கையை ஒடிச்சிருவேன், ஓடிஸ்."

அவர் என்னைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், கழற்றியிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜூனில் பஸ்கள் வந்தன. வின்ஸ்லோ பலகையைத் துணி சுற்றிக் கையில் பிடித்தபடி முன்னால் நடந்தார். பின்னால் வைக்கோல் தொப்பிகளும் கேமராக்களும். நடுத் தோட்டம் வந்ததும் நின்றுவிட்டார். எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை. பழைய கல்லறைகளுக்கு எங்கள் மலையில் கிடைக்கும் முரட்டுக் கல்தான் அடையாளம், பெயர் செதுக்குவதில்லை. கிடப்பவர் யார் என்பது செதுக்குகிற குடும்பத்துக்குத் தெரியும், அது போதும். வின்ஸ்லோவுக்கு நினைவிருந்தது வெறும் மண் மட்டும்தான்.

அவர் ராய்ஸைப் பார்த்தார். ராய்ஸ் கல் கல்லாகக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். வாழ்க்கையில் ஒரு நாள் களைக்கொத்துப் பிடித்து அந்தத் தோட்டத்துக்கு வந்திராதவன்.

"அத்தே, எது அவங்களுது?"

"கையெழுத்துப் போட்டவன் நீ. உனக்குத் தெரியாமலா போட்ட?"

வின்ஸ்லோ ஓடிஸிடம் கேட்டார். ஓடிஸ் நாடியைச் சொறிந்தார். "வயசாச்சு சார். புல்லு மூடிட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

அப்போது ஒரு பெண் கிழக்கு வேலியோரம் கை காட்டினாள். அங்கே ஆள் நீளத்துக்கு ஒரு திட்டு, புல் ஒன்றுகூட இல்லாமல் கறுத்துக் கிடந்தது. வின்ஸ்லோவின் முகம் மலர்ந்தது. கல்லைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள் என்று நடுங்கும் குரலில் அறிவித்து, பலகையை அங்கே நட்டார். கட்லரின் முற்றுப்புள்ளி இல்லாத பத்தி ஒன்றை மூச்சு வாங்க வாசித்தார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஓடிஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். "நான் மிஷின் நிறுத்துற எடம். எண்ணெய் சொட்டிச் சொட்டிப் புல்லு செத்துப்போச்சு. அங்க யாரையும் பொதைக்கல. போய்ச் சொல்லிரட்டுமா?"

"முப்பது வருஷமா ஆராய்ச்சி பண்ற மனுஷன். அவருக்கு நீ சொல்லியா தெரியணும்?" என்றேன்.

பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஓடிஸ் இயந்திரத்தை வேறு மூலைக்கு மாற்றிவிட்டார். ஆனாலும் அந்தத் திட்டில் அவ்வப்போது கொஞ்சம் பழைய எண்ணெய் எப்படியோ சிந்திவிடுகிறது. நான் கேட்டதில்லை.

கில்பிரெத்துகள் செத்தவர்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று வில்லோடீன் ஒவ்வொரு மே மாதமும் சொல்கிறாள். சொல்லட்டும். அது என்மேல் விழும் சொல், அத்தைமேல் அல்ல. அலங்கார ஞாயிறன்று மற்றவர்களைப் போலவே நானும் கல்லறை வரிசைகளுக்கிடையே நடக்கிறேன். அத்தையின் தலைமாட்டில் நண்டுப்புல் கணுக்கால் வரை வளர்ந்திருக்கும். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நிற்காமல் தாண்டிப் போகிறேன்.