படிக்கட்டுத் திருப்பத்தில் மட்டும் சிக்னல்

1

இந்தக் கதை ஒரு புகாராகப் பிறந்தது. மொபைலில் நான் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கு விமர்சனம் எழுதும் கட்டத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு எழுதினேன்: "தோட்டத்தில் செடி நட்டுத் தண்ணீர் விடும் ஆட்டம் இது. எதிராளி கிடையாது. நானும் என் தக்காளியும்தான். இதற்கு எதற்கு நொடிக்கு நொடி இன்டர்நெட்? என் அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கும் அறையில் சிக்னல் இல்லை. நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா?"

முந்நூறு பேர் 'பயனுள்ளது' என்று அழுத்தியிருந்தார்கள். யாரோ ஒருவர், அக்கா சீக்கிரம் குணமாகட்டும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் முகம் சுட்டது. நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உட்கார்ந்தே இருக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "வங்கி எழுத்தர் ஒருவர் தன் மைத்துனிக்குத் துணையாக மருத்துவமனைக்கு…"

(வேண்டாம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மைத்துனியும் கிடையாது. பழியை யாரோ ஒருவன் தலையில் கட்டப் பார்க்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் தனியாக விளையாடுவதைக்கூட எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கண்காணிக்க வேண்டியிருக்கிற இந்தக் காலத்தில்…"

(உண்மைதான். ஆனால் உண்மைக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளலாம்.)

மூன்றாவது: செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவின் இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறின.

இப்படியே போகிறேன்.

3

தரைக்குக் கீழே உள்ள அறை. ஒன்பது கட்டில்கள், ஒன்பது மெஷின்கள். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். ஊசி ஏறிய கையை அவள் அசைக்கக் கூடாது. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், சதை கல்லாகிவிடும். அப்போது யாராவது பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அறையில் எனக்கு இருக்கும் ஒரே வேலை அதுதான்.

அன்று திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. 'இணைப்பு இல்லை. மீண்டும் முயலவும்.' பன்னிரண்டரைக்குள் தக்காளியைப் பறிக்காவிட்டால், ஒருநாள்கூட விடாமல் ஆடிவந்த நாற்பது நாள் தொடர்ச்சி அறுந்துவிடும்.

"அக்கா, ஒரு போன் பண்ணணும். ரெண்டே நிமிஷம்."

"போயிட்டு வா. ஓடாதே, படி வழுக்கும்."

படிக்கட்டுத் திருப்பத்தில், ஜன்னலோரம், சிக்னல் இரண்டு கோடு காட்டியது. பறித்தேன். ஒரு பாத்தி முடிந்ததும் அடுத்தது திறந்தது. நடுவில் சிக்னல் போனபோது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். நர்ஸ் ஒருவர் ஃபைல்களோடு என்னைத் தாண்டி அவசரமாகக் கீழே இறங்கினார். ஒதுங்கி வழிவிட்டேன். தலை நிமிரவில்லை.

[எத்தனை நிமிடம் என்பதை ஒவ்வொரு பிரதியிலும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். பத்து என்று எழுதி, ஏழாகத் திருத்தினேன். உண்மையில் முப்பத்தைந்து.]

4

திரும்பி வந்தபோது அதே நர்ஸ், அக்காவின் பாதத்தைத் தன் வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அக்காவின் நெற்றியெல்லாம் வியர்வை. கீழுதட்டில் பல் பதிந்த தடம். என்னைப் பார்த்ததும் அவள் முந்திக்கொண்டாள்.

"தம்பி டாக்டரப் பாக்கப் போயிருந்தான் சிஸ்டர். நான்தான் அனுப்பினேன்."

"ஆமா," என்றேன். "ரிப்போர்ட் பத்திக் கேக்கறதுக்கு."

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படியில நின்னு போன் பாத்துக்கிட்டிருந்தாரேம்மா? அவரத் தாண்டித்தானே நான் வந்தேன். உங்க சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குவதுபோல் காட்டி எனக்கு மரியாதை செய்தார். நர்ஸ் பாதத்தை என் கையில் கொடுத்து, "இப்படிப் பிடிங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜில்லென்று இருந்தது.

"ஜெயிச்சியா?" என்று கேட்டாள் அக்கா.

கிண்டலாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். நிஜமாகவே கேட்டாள்.

"நெட் கட் ஆயிடுச்சுக்கா."

"அடடா," என்றாள்.

5

ஒரு முடிவு: அவன் அங்கேயே போனை எடுத்து ஆட்டத்தை அழித்தான்.

(அழிக்கவில்லை. தொடர்ச்சி இன்று நாற்பத்திரண்டு.)

இன்னொரு முடிவு: அக்கா அவன் தலையைத் தடவி, "பரவாயில்லடா…"

(அவள் தர வேண்டிய மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா?)

நேற்று, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். "அன்னிக்கு நடந்தத எழுதிட்டிருக்கேன்கா."

"எழுதேன். நான் அழுதேன்னு மட்டும் எழுதாதே."

"நீ அழலையே?"

"நீ வர்றதுக்கு முன்னாடி."

அந்த வரியை எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். எடுத்துவிட்டுப் படித்தால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். அதனால் விட்டுவைத்தேன். அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, அதையும் மீறிவிட்டேன். நேர்மை என்று இதற்குப் பெயர் வைக்கக்கூட வாய் வரவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு மறுபடி அந்த அறை. பன்னிரண்டரைக்கு நான் எங்கே நிற்பேன் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நல்லவனாகவே வந்தேன். கிழித்துவிட்டேன். அதை நீங்கள் எழுதுங்கள். எனக்காக இரக்கப்படாமல் எழுதுங்கள்.