இரண்டாவது நாணொலி

சுலோசனாவின் இடது கை முழங்கையில் மடங்கியபடியே நின்றுவிட்டது. புத்தூர் பெண்கள் பள்ளியில் அவள் டிரில் டீச்சர். ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாத மழையில் மைதானத்தில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தது. முறிந்ததைக் கூட்டிக் கட்ட புத்தூரில் ஆளுக்கா பஞ்சம்? எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் கட்டுப் பிரித்த பிறகு கை நீளவில்லை.

"தள்ற வேலை, இழுக்கிற வேலை ஏதாச்சும் அதுக்குக் குடும்மா. சும்மா வச்சிகினு இருந்தா இப்டியேதான் நின்னுடும்" என்று கட்டுப் போட்டவர் சொல்லி அனுப்பினார்.

தம்பி சம்பத் திருத்தணி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அக்காவும் தம்பியும் புத்தூரில் மலையடிவாரத்து மாந்தோப்பை ஒட்டிய ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி மதராஸ் பக்கமும் புத்தூர் ஆந்திரா பக்கமும் என்று முடிவாகியிருந்த சமயம். ஆபீசில் இருந்த பீரோ, நாற்காலி, மைக்கூடு வரைக்கும் எது எந்த ராஜ்யத்துக்கு என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் சம்பத் ஆள் உயரப் பெட்டி ஒன்றைக் கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"ஆந்திரா லிஸ்ட்லயும் இல்லக்கா, மெட்ராஸ் லிஸ்ட்லயும் இல்ல. 'நாக்கு ஒத்துரா பாபு, தீஸ்கெள்ளு', எனக்கு வேணாம் எடுத்துகினு போன்னுட்டாரு தாசில்தார். உன் கைக்கு ஆவுமான்னு பாரு."

மூடியில் 'புத்தூர் கேம்ப்' என்று வெள்ளை மையில் எழுதியிருந்தது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி. அதில் இரண்டு விற்கள் படுத்திருந்த பள்ளம்; இருந்தது ஒன்றுதான். கோயில் சிற்பத்தில் பார்ப்பதுபோல இரு முனைகளும் முன்பக்கமாகச் சுருண்ட மர வில். பக்கத்தில் ஆறு அம்புகள், ஒவ்வொன்றின் வாலிலும் பச்சை வளையம். ஒன்றின் இறகை மட்டும் பூச்சி தின்றிருந்தது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் யாரோ அழகான தமிழில் எழுதியிருந்தார்கள்:

'அலர்மேலுவுக்கு. வில்லை இறுகப் பிடிக்காதே. இடது கையால் மலையைத் தள்ளுவதாக நினைத்துக்கொள். நாணை வாயோரம் வரை கொண்டுவந்து நிறுத்து. பிறகு விரல்களை மறந்துவிடு.'

கீழே வில்லைச் சரிக்கட்டும் முறையும் இருந்தது. கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு முட்டி, வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே நிற்க வேண்டும். இறகில்லாத அம்பை விட்டுப் பார்க்க வேண்டும். வாலைத் தூக்கிக்கொண்டு குத்தினால், நாணில் அம்பு மாட்டும் இடத்தைச் சற்றே கீழே இறக்க வேண்டும்.

யார் இந்த அலர்மேலு என்று கேட்டாள். சம்பத்துக்குத் தெரியவில்லை.

பெட்டியிலிருந்த நாண் முதல் இழுப்பிலேயே இற்று விழுந்தது. நகரியில் தறி நெய்யும் ரத்னம்மா அவளுடைய பள்ளிக்கூடத்துத் தோழி. நூல் விஷயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கியவள், செருப்புத் தைக்கிற முரட்டு நூலைப் பதினான்கு இழை சேர்த்து, தேன்மெழுகு தடவி, தொடையில் உருட்டி முறுக்கினாள். இரு முனையிலும் காது வைத்துப் பின்னி மாட்டினாள்.

தோப்பின் கோடியில் ஒரு வைக்கோல் போர். அதற்கப்பால் புதர், அதற்கப்பால் மலை. பதினைந்து தப்படி தள்ளி நின்று சுலோசனா முதல் அம்பை விட்டாள். நாண் 'சடார்' என்று முன்கையில் அறைந்தது. அம்பு போரின் இடது ஓரத்தில் சாய்ந்து குத்தியது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கை அரைவாசி நீண்டிருந்தது.

ரத்னம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு சத்தம் கேட்டுச்சே டீ?"

"மலை இருக்குதுல்ல. எதிரொலி."

"எதிரொலின்னா நம்ப சத்தம் மாதிரியே இருக்கணும். இது வேற மாதிரி இருக்குது."

அந்த மாதம் முழுக்கப் பள்ளி விட்டதும் சுலோசனாவுக்கு இதுவே வேலையாகிவிட்டது. நாண் கையில் அறைவது அது வில்லுக்கு மிக அருகில் நிற்பதால் என்று புரிந்தது. ரத்னம்மா ஒவ்வொரு ஞாயிறும் வந்து நாணைக் கழற்றி ஐந்து முறுக்கு, பத்து முறுக்கு ஏற்றுவாள். முறுக்கு ஏற ஏற நாண் குட்டையாகி வில்லை விட்டு விலகும். கட்டைவிரல் நிமிர்ந்த முட்டி சரியாக உள்ளே நின்ற அன்று அறைச்சல் நின்றது. நாணின் இரு முனையருகிலும் கம்பளி நூல் குஞ்சம் கட்டியதும் சத்தம் இன்னும் அடங்கி, துணியைத் தட்டியதுபோல் 'தும்' என்று ஆனது.

அப்போதுதான் இரண்டாவது சத்தம் தெளிவாகக் கேட்டது. அவளுடைய நாண் அடங்க அடங்க அது மட்டும் அடங்கவில்லை. மலைச்சரிவில் எங்கிருந்தோ, முறுக்குத் தளர்ந்த நாண் கையில் அறைகிற 'சடார்'. அவள் 'தும்'முக்கு ஒரு மூச்சு கழித்து.

ஒரு ஞாயிறு, பூச்சி தின்ற மிச்ச இறகையும் பிய்த்துவிட்டு அந்த அம்பை விட்டுப் பார்த்தாள். அது வாலைத் தூக்கிக்கொண்டு கோணிப் போய்ப் போருக்கு அப்பால் புதரில் விழுந்தது. அவளும் ரத்னம்மாவும் இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. காகிதம் சொன்னபடி அம்பு மாட்டும் இடத்தில் சுற்றியிருந்த நூலைப் பிரித்து ஒரு நெல்மணி அளவு கீழே சுற்றினாள். மறுநாள் வந்து பார்த்தால், அந்த அம்பு வைக்கோல் போரின் பின்பக்கத்தில் குத்தி நின்றது, மலைப்பக்கத்திலிருந்து யாரோ எய்ததுபோல. அம்பு பனியில் நனைந்ததுபோல் சில்லென்று இருந்தது. வெயிலோ நாலு மணி வெயில்.

சுலோசனா அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வில்லை எடுக்க விடமாட்டார்கள் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துத்தான் தினமும் தோப்புக்குப் போகிறோம் என்று தனக்கே ஒப்புக்கொள்ளக் கூச்சம்.

கார்த்திகையில் ஒரு நாள் அம்பை மாட்டி, இழுத்து, நாணை வாயோரம் நிறுத்தினாள். விடவில்லை. விடாவிட்டால் என்ன ஆகும், பார்ப்போமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோப்பில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

சடார்.

வைக்கோல் போர் ஒருதரம் குலுங்கியது.

வில்லை மெல்லத் தளர்த்தி இறக்கிவிட்டு, போரைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஓர் அம்பு. அதன் வாலில் பச்சை வளையம் இல்லை, சிவப்பு வளையம்.

அன்றைக்கு ராத்திரி அவள் அம்பைத் தம்பி முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சம்பத் அம்பைத் தொடக்கூட இல்லை. மறுநாள், ஆபீசில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற நாகபூஷணத்தைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"முப்பத்தெட்டுல இங்க சர்வே கேம்ப் போட்டாங்களாம்கா. ஜெயச்சந்திரன்னு ஆபீசர். பொண்டாட்டி அலர்மேல்மங்கை. ரெண்டு பேருக்கும் ரெண்டு வில்லு, சாயங்காலமானா அடிவாரத்துல நின்னு விட்டுகினு இருப்பாங்களாம். ஒரு நாளு அந்தம்மா, காணாமப்போன அம்பைத் தேடிகினு மலைமேல ஏறிடுச்சி. பனி எறங்கிடுச்சி. வரவே இல்ல."

"அப்புறம்?"

"தேடாத எடம் இல்ல. கேம்ப் கலைஞ்சப்புறமும் அந்தாளு போவலையாம். தினம் சாயங்காலம் இதே வில்லை வெறுமனே தெறிச்சிகினே நிப்பாராம். சத்தம் கேட்டா வழி தெரிஞ்சி வந்துடுவான்னு. ஆறு மாசம் கழிச்சி ஆபீசுல வலுக்கட்டாயமா மாத்தல் போட்டு அனுப்புனாங்களாம்." சம்பத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இப்ப மலை மேல பழைய சர்வே கல்லையெல்லாம் புடுங்கிட்டு வேற நடுறாங்கக்கா. வழி அடையாளத்துக்கு அதுவும் இல்ல."

சுலோசனாவுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் தெளிந்தது ஒன்றுதான்: முதல் அம்பின் சத்தம் மலைக்குக் கேட்டிருக்கிறது. பிறகு முறுக்கேற்றி, குஞ்சம் கட்டி, அந்தச் சத்தத்தை நாமே அடக்கிவிட்டோம். கேட்டுக்கொண்டிருந்தவள் வழியைத் தவறவிட்டுத்தான் அம்பு விட்டு வழி கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மா வந்ததும் நடந்ததையும் தம்பி விசாரித்ததையும் சொல்லிவிட்டு, "நாணைத் தளர்த்திக் குடு. குஞ்சத்தை அவுத்துடு" என்றாள்.

ரத்னம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அழைக்கப் போறியா?"

"ஆமா."

"பைத்தியமா உனக்கு? வந்தா இன்னா பண்ணுவே? செத்தவங்களை யாராச்சும் வூட்டுக்குக் கூப்புடுவாங்களா?"

"இருபது வருஷமா நடந்துகினு இருக்குதுடீ அது. அடிவாரத்துல வெளக்கு இருக்குது, வூடு இருக்குது. வழி சொல்ல ஆளில்ல. நீன்னா சொல்லமாட்டியா?"

ரத்னம்மா உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தாள். பிரித்து முடிக்கும்வரை அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அன்று முதல் நாண் மறுபடியும் கையில் அறைந்தது. பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டும் முன்கை கன்றிக் கறுத்தது. பள்ளியில் கேட்டவர்களிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். 'சடார்' என்று இங்கே. 'சடார்' என்று அங்கே. முதல் வாரம் அது மலையின் பாதி உயரத்தில் கேட்டது. அடுத்த வாரம் பாறைகளுக்குக் கீழே. மார்கழி பிறந்தபோது புதர்க்காட்டில். சம்பத் சாயங்காலமானால் ரயிலடியிலேயே பொழுதைப் போக்கிவிட்டு வந்தான்.

தை பிறந்து நாலாம் நாள் ரத்னம்மா விடுமுறைக்கு வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தோப்புக்கும் கூடவே வந்து, மாமரத்தைப் பிடித்தபடி நின்றாள். வெயில் இன்னும் மலை உச்சியில் இருந்தது. சுலோசனா அம்பை விட்டாள்.

பதில் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்தே வந்தது. ரத்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சருகு மிதிபடும் ஓசை. போரைச் சுற்றி வந்தது. யாரும் இல்லை. ஆனால் சருகுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. பனி நாற்றமும் ஈர மண் நாற்றமும் ஒன்றாய் வந்தன. வெகுதூரம் நடந்தவள் மேல்மூச்சு வாங்குவது சுலோசனாவின் காதருகே கேட்டது.

ஓடிவிடவேண்டும் என்றுதான் கால் சொல்லியது. அவள் வில்லைத் தரையில் வைத்தாள்.

"வாங்கக்கா. இந்தப் பக்கம். வூடு இங்கதான்."

திரும்பி முன்னால் நடந்தாள். பின்னால் சருகுச் சத்தம் கூடவே வந்தது. கொல்லைப்படியில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ரத்னம்மா ஓடிவந்து அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சொம்பிலிருந்த தண்ணீர் மெதுவாகக் குறைந்தது. அடிவரைக்கும் குறைந்தது. ஈரக் காலடி ஒன்று படியில் தெரிந்தது, பிறகு அடுத்த படியில், பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே. கூடத்தின் நடுவில் அது நின்றுவிட்டது.

விளக்கு வைத்துவிட்டு இருவரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சம்பத் வந்ததும் மூவருமாக உள்ளே போனார்கள். வீட்டில் எதுவும் கலையவில்லை. தரை காய்ந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்பு விட்டபோது ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மலை வெறும் மலையாக நின்றது. தன்னையும் அறியாமல் சுலோசனா தோப்பில் நின்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மா நாணுக்கு முறுக்கேற்றிக்கொண்டே கேட்டாள். "சத்தம் நின்னுடுச்சி, சரி. உள்ள வந்துதே, அது வெளிய போனதை நீ பாத்தியா?"

சுலோசனா பார்க்கவில்லை. அன்றிரவு சோறு போடும்போது தம்பிக்கும் தனக்கும் இலை போட்டாள். கை தானாக மூன்றாவது இலையையும் போட்டது. சம்பத் அதைப் பார்த்தான். அந்த இலைக்கு இடம் விட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.