சிப்பி கொடுத்த நற்சான்று

காலை ஏழு மணிக்குச் சிப்பிக்காரர் தம் கொட்டகையில் நின்று, இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். உயிருள்ள சிப்பி கூழாங்கல் போல் கெட்டியாக ஒலிக்கும். செத்தது காலி டப்பாவைப் போல் சத்தம் போடும். ஒரு கூடைச் சிப்பியில் ஒளிந்திருக்கும் ஒற்றைப் பிணத்தைக் காதாலேயே பிடித்துவிடுவார். அந்த வித்தையில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"என்ன சிப்பிக்காரரே, காலையிலேயே கச்சேரியா?" என்றபடி உள்ளே வந்தார் முலாம் பட்டறை முதலாளி. கையில் வழக்கமான தாள்.

பட்டறையில் இரும்புத் திருகாணிகளுக்குத் துருப்பிடிக்காமலிருக்கக் காட்மியம் என்ற உலோகத்தை முலாம் பூசுவார்கள். கழுவிய தண்ணீர் கால்வாய் வழியே கழிமுகத்துக்குப் போகும். அந்தக் கழிமுகத்தில்தான் சிப்பிக்காரரின் சரக்கில் பாதி விளைகிறது; மீதி கடலில் தள்ளியிருக்கும் வெளிப்பாறையில். ஆண்டுதோறும் நீர்வள அலுவலகம் பட்டறையிடம் ஒரு சான்று கேட்கும். 'கழிமுகத்துச் சிப்பிகள் உயிரோடு கொழுத்து இருக்கின்றன, ஆகவே தண்ணீரில் குறையில்லை' என்று சிப்பிக்காரர் கையெழுத்துப் போடுவார். பட்டறையின் படகுத்துறையில் அவர் படகு பதினைந்து ஆண்டுகளாக வாடகையின்றிக் கிடக்கிறது. இதை லஞ்சம் என்று இருவரும் சொன்னதே இல்லை. அனுசரணை என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்கவும் நன்றாயிருந்தது.

"இந்தத் தடவை புது அதிகாரி வந்திருக்காரு. உங்க கையெழுத்து மட்டும் போதாதாம். சிப்பியை லேப்ல குடுத்து ரிப்போர்ட்டும் சேர்த்து வைக்கணுமாம்."

"அவ்வளவுதானே? லேப்ல இருக்கறது என் தங்கச்சி. இன்னிக்கே ஊறப்போட்டு, ரெண்டு நாள்ல அனுப்பிடறேன்."

ஊறப்போடுவது அவர் தொழிலின் வேதம். சிப்பியை நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரண்டு நாள் விட்டால், மணலைக் கக்கும், கிருமியைக் கழிக்கும். கிருமிச் சோதனையில் அவர் சரக்கு ஒருமுறைகூடத் தோற்றதில்லை. இரண்டு நாள் தண்ணீரில் போகாத அழுக்கு உலகத்தில் கிடையாது என்று மனிதர் உறுதியாக நம்பினார்.

ரிப்போர்ட் வந்தது. காட்மியம், அனுமதித்த அளவைப் போல் மூன்று மடங்கு.

சிப்பிக்காரர் நேரே தங்கையின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். பேரம் பேசியே வளர்ந்தவர். எண் என்று ஒன்றைக் கண்டால் குறைத்துக் கேட்காமல் இருக்க முடியாது.

"மூணு மடங்கு ஜாஸ்திம்மா. ஒண்ணரைன்னு போடு."

"அண்ணா, நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?"

"சரி, உன் பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். ரெண்டு!"

அவள் சிரித்துவிட்டாள். "மெஷின் சொன்ன நம்பர் அது. அதுக்கு அண்ணன் தம்பி கிடையாது."

"அப்போ இன்னும் மூணு நாள் ஊறப்போட்டுத் தரேன், திரும்பப் பாரு."

"மூணு மாசம் போட்டாலும் முழுசாப் போகாது. கிருமி அதோட குடல்ல இருக்கு, அதனால வெளியே போயிடுது. காட்மியத்தை அது உடம்புக்குள்ள கட்டி வெச்சிருக்கு."

"கட்டி வெச்சிருக்கா? எதால?"

இங்கேதான் சிப்பிக்காரர் மாட்டிக்கொண்டார். சரக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்று கேட்காமல் போனால் அவருக்கு அன்றைய சோறு இறங்காது. தங்கை சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளின் உடம்பில் ஒரு சின்னப் புரதம். அதன் நெடுகிலும் கந்தகக் கொக்கிகள். உலோகம் வந்தால் கொக்கிகள் கூடிப் பிடித்து உள்ளே மடித்துக்கொள்ளும்.

"நத்தை இன்னும் கெட்டி, அண்ணா. ஆதியில ஒரே புரதம்தான் இருந்திருக்கணும். அதுக்கான மரபணு நகலாகி நகலாகி, ஆளுக்கொரு வேலையைப் பிரிச்சுக்கிச்சு. ஒண்ணு செம்பை மட்டும் பார்த்துக்கும், இன்னொண்ணு காட்மியத்தை மட்டும்."

"தனித்தனி கல்லாவா! செம்பு எதுக்கு அதுக்கு?"

"நம்ம ரத்தத்துக்கு இரும்பு மாதிரி, நத்தை ரத்தத்துக்குச் செம்பு."

"காட்மியம்?"

"ஒண்ணுக்கும் உதவாது. உள்ளே வந்துட்டா அலையவிடாம பிடிச்சு வைக்கணும், அவ்வளவுதான்."

சிப்பிக்காரர் படத்தருகே போய்க் கண்ணைச் சுருக்கினார். "பட்டறை வந்தே பதினஞ்சு வருஷம்தானே? இதுங்க எப்போ கத்துக்கிச்சு?"

"பல கோடி வருஷம் முன்னாடி. பாறையிலயும் மண்ணுலயும் காட்மியம் எப்பவுமே துளி இருக்கும். அந்தத் துளியைச் சமாளிக்கக் கத்துக்கிட்டது. பட்டறை முதலாளி வாளியில ஊத்தறாரு."

"பலே!" என்று தொடையைத் தட்டினார். "அப்போ பிரச்சினையே இல்லையே! சிப்பி பிடிச்சு வெச்சுக்குது, கொழுகொழுன்னு இருக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?"

தங்கை கையைத் துடைத்தாள். பிறகு, "பிடிச்சு வெச்சதை அது என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"வெச்சுக்கிட்டே இருக்கும்."

"எதுவரைக்கும்?"

சிப்பிக்காரர் சுவரிலிருந்த படத்தைத் திரும்பப் பார்த்தார்.

"நாம சாப்பிடற வரைக்கும்," என்றாள் அவள். "நமக்கும் அந்த மாதிரி புரதம் இருக்கு. ஆனா நம்ம உடம்புல அது கொஞ்சம் கொஞ்சமா சிறுநீரகத்துல போய்ச் சேரும். பல வருஷம் அங்கேயே கிடக்கும். அளவு மீறினா சிறுநீரகம் கெடும். நீ வீட்டுக்கு எந்தச் சிப்பி கொண்டு போறே?"

"கழிமுகத்துச் சிப்பிதான்... அதுதானே நல்லா கொழுத்திருக்கும். உன் வீட்டுக்கும் அதைத்தானே குடுத்து அனுப்பறேன்..."

"தெரியும். என் பசங்க விரும்பிச் சாப்பிடுவாங்க."

அதற்குமேல் அவர் பேரம் பேசவில்லை. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். கழிமுகத்தில் சிப்பி வளரக் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, வெளிப்பாறைச் சரக்கு மட்டுமே இனி உண்டு என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னார். காரணத்தையும் சொன்னார். சிலர் திட்டினார்கள். திட்டு அவருக்கு நியாயமாகவே பட்டது.

முதலாளி தாளோடு வந்தார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"ரிப்போர்ட்டை விடுங்க. ஒரே ஒரு வரி எழுதுங்க போதும். சிப்பி உயிரோட இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"கொழுத்திருக்கா?"

"நல்லாவே."

"அப்புறம் என்ன? பொய் எழுதவா சொல்றேன்? படகுத்துறையையும் நினைச்சுப் பாருங்க. நாளைக்குப் படகை எங்கே கட்டுவீங்க?"

"படகை இன்னிக்கே எடுத்துட்டேன் முதலாளி," என்றார் சிப்பிக்காரர். "இந்த ரிப்போர்ட்டை அதிகாரி கையில நானே குடுக்கப்போறேன். பதினஞ்சு வருஷமா நான் என்ன எழுதிக்குடுத்தேன்னும் சேர்த்துச் சொல்லிடுவேன். எனக்கு என்ன வருதோ வரட்டும்."

"அந்தப் பூச்சிக்காகவா இவ்வளவு?"

"அதுமேல எனக்கு மரியாதைதான். விஷத்தைக் கட்டி வெச்சுக்கிட்டு உயிர் வாழுதே, அது அதோட சாமர்த்தியம். உங்க தண்ணியோட யோக்கியதை இல்ல. ஒருத்தன் தாங்கிக்கிட்டு நிக்கறதைக் காட்டி, கெடுதலே நடக்கலைன்னு எழுதறோமே, அதுதான் முதலாளி லஞ்சத்துலயே பெரிய லஞ்சம். கையெழுத்துப் போட்டவன் வீட்டுக் குழந்தையும் சேர்ந்துதான் அதைச் சாப்பிடுது."